டிரம்முக்குச் சக்கரம்

திருவொற்றியூர் விம்கோ நகரில் காற்று ஒரு நாளைக்கு இரண்டு பக்கம் அடிக்கும். காலையில் மேற்கே ரயில் பாதைப் பக்கமிருந்து வந்து தூசியைக் கடலை நோக்கித் தள்ளிக்கொண்டு போகும். உச்சிவேளை தாண்டியதும் சற்று நேரம் எதுவும் அசையாது. கொடியில் காயும் துணிகூட உயிரில்லாமல் தொங்கும். அப்புறம் கடலிலிருந்து உப்பு வாடையோடு திரும்பி வரும். அக்கினி வெயிலில் வெந்துகொண்டிருக்கும் தெருவுக்கு அது பெரிய ஆறுதல். கார்குழலி மட்டும் அந்த நேரம் நெருங்க நெருங்க, பின்பக்கத்து முருங்கைக் கிளை அசைகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பாள்.

வீட்டின் பின்பக்கம் நின்ற டிரம்தான் காரணம்.

அது பழைய ஆயில் டிரம். அவள் புருஷன் நிலவன் செய்தது. நிலவன் வெல்டர். கல்யாணமான புதிதில் துறைமுகத்தில் கப்பல் ரிப்பேர் கான்ட்ராக்டில் இருந்தான். ஏதோ ஒரு வெளிநாட்டுக் கப்பலின் மேல்தளத்தில், சமையல்காரன் ஒருவன் டிரம்முக்குள் மாட்டுக்கறியைத் தொங்கவிட்டுப் புகை போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறான். அந்த ஆள் ஒரு துண்டு அறுத்துக் கையில் கொடுத்திருக்கிறான். அன்றைக்கு வீட்டுக்கு வந்த நிலவன் சோற்றுத் தட்டைத் தொடவே இல்லை.

"எண்ணெ கெடையாது, தண்ணி கெடையாது குழலி. புகையிலயே வேவுது. சாப்ட்டு முடிச்சி ஷிப்ப வுட்டு எறங்கி பஸ்ஸு ஏறி வந்துட்டேன், இன்னும் வாயிலயே கீது."

மறு வாரமே டிரம் வந்தது. அதை வைக்கோல் போட்டு எரித்துச் சுத்தம் செய்தான். அடியில் கதவு வெட்டினான். மேலே குறுக்குக் கம்பி, கொக்கி, தகர மூடி, ஒரு சாண் உயரத்துக்குப் புகைபோக்கி. முதல் தடவை கறி கரிக்கட்டையாக வந்தது. இரண்டாம் தடவை பெயிண்ட் அடித்த பெட்டிப் பலகையைப் போட்டதில் கசந்து, தெரு நாய்கூட முகர்ந்துவிட்டுப் போய்விட்டது. அப்புறம் புளியங்கட்டைக் கங்கின்மேல், ஜூஸ் வண்டிக்காரன் கொட்டும் கரும்புச் சக்கையைக் காய வைத்துப் போட்டுப் பார்த்தார்கள். காலையில் ஏற்றிய கறி சாயங்காலம் பேரீச்சம்பழ நிறத்தில் இறங்கியது. இரண்டு பேரும் நின்ற வாக்கிலேயே பிய்த்துத் தின்றார்கள். அவன் கைவிரலில் ஒட்டியிருந்த மிளகை அவள் நக்கினாள் என்பது அவர்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

நிலவனின் அம்மா குப்பம்மா, வியாசர்பாடியில் இருந்த காலத்திலிருந்தே சாயங்காலக் கடை போடுகிறவள். ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டவ், ஒரு தோசைக்கல், பீப் வறுவல். மகனுடைய புகைக்கறியை மெல்லிசாக அறுத்து வெங்காயம், பச்சைமிளகாயோடு கல்லில் புரட்டிப் போட ஆரம்பித்ததும், ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் சைக்கிளை ஸ்டாண்ட் போட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். கான்ட்ராக்ட் முடிந்து நிலவன் சவூதியில் ஜுபைலுக்கு வெல்டராகப் போனபிறகும், இரண்டு வருஷமாக அந்தக் கடைதான் அடுப்பை எரியவைத்தது.

சிக்கல் காற்றில் இருந்தது. காலையில் டிரம் பின்பக்கம் நின்றால் புகை கிழக்கே காலி நிலத்துப் பக்கம் போய்விடும். கடல்காற்று எழுந்துவிட்டால் அதே புகை வரிசை வீடுகளின் ஜன்னல்களுக்குள் திரும்பும். அதனால் மதியத்தில், நெருப்போடும் கறியோடும் டிரம்மை வீட்டோரச் சந்து வழியாக முன் தெருவுக்குக் கொண்டு வரவேண்டும். அங்கே வைத்தால் எதிரே மூடிக்கிடக்கும் கம்பெனியின் மதில்மேல் புகை போகும், யாருக்கும் தொந்தரவில்லை. டிரம்மின் இரு பக்கமும் நிலவன் வளையம் வைத்திருந்தான். இரண்டு பைப்புகளை அதில் கோத்து, பல்லக்கு மாதிரி முன்னால் ஒருவர் பின்னால் ஒருவர் தூக்கவேண்டும். அவன் இருந்தபோது முன்னால் அவன், பின்னால் அவள். போனபிறகு முன்னால் அவள், பின்னால் குப்பம்மா.

அந்த வியாழக்கிழமை பைப்பைத் தோளுக்கு ஏற்றும்போது குப்பம்மாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"அய்யோ... என்னால ஆவாதுமே. எறக்கு, எறக்கு."

"அத்தே, ரெண்டு நிமிசம்த்தே. காத்து வந்துடும்."

"காத்து வந்தா வர்ட்டும். நானு பூடுவேன் போலகீது."

கார்குழலி கிழவியைப் பிடித்துத் திண்டாடிக்கொண்டிருந்தபோதே முருங்கைக் கிளை ஆடியது. புகைபோக்கியிலிருந்து நேராக எழுந்துகொண்டிருந்த புகை தலையைச் சாய்த்து, பக்கத்து வீட்டுச் சமையலறை ஜன்னலுக்குள் நுழைந்தது. உள்ளே தையல் மிஷின் சத்தம் நின்றது. இருமல் கேட்டது. அப்புறம் இருமலும் இல்லாமல், தண்ணீர் இல்லாத குழாயைத் திறந்தது போன்ற இழுப்பு மட்டும் கேட்டது.

பக்கத்து வீட்டு ரஹீமுன்னிசா ஜாக்கெட் தைத்துப் பிழைக்கிறவள். ஆஸ்துமாக்காரி. வாயில் வைத்து அழுத்தும் மருந்தைக் கையில் பிடித்தபடி வாசற்படியில் வந்து குனிந்து நின்றாள். கார்குழலி குடத்துத் தண்ணீரை அப்படியே டிரம்முக்குள் ஊற்றினாள். அந்தக் கோடையில் ஒரு குடம் தண்ணீர் என்பது லாரிக்குப் பின்னால் பாதி நாள் நின்று வாங்கியது. சாம்பலும் ஆவியும் பொங்கிக் கறிமேல் படிந்தன. அரைவேக்காட்டில் எல்லாம் பாழ்.

மூச்சு திரும்பியதும் ரஹீமுன்னிசா சொன்னாள்: "குழலி, நான் சண்டைக்கி வரலமா. உன் பொழப்பு எனக்குத் தெரியாதா? ஆனா இன்னொரு தபா இப்டி ஆச்சின்னா நான் இருக்க மாட்டேன்."

அவள் கத்தியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது கார்குழலிக்கு.

குப்பம்மா கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு தீர்ப்பு சொன்னாள். "டிரம்ம காயலான் கடைக்குப் போட்டுடு. பழையபடி வறுவலு போடலாம். நான் அது வெச்சித்தான் அவன வளத்தேன்."

"அது உன் புள்ள செஞ்சது."

"புள்ளையே இங்க இல்ல. புள்ள செஞ்சது இருந்து இன்னா?"

கார்குழலி தைலத்தைக் கையில் ஊற்றி மாமியாரின் இடுப்பில் அழுத்தித் தேய்த்தாள். கொஞ்சம் அதிகமாகவே அழுத்தினாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அரபு நாட்டில் லீவு. வெள்ளிதோறும் நிலவன் தெருக்கோடியில் இருக்கும் ராசையாவின் மளிகைக்கடைக்குப் போன் செய்வான். ராசையா கன்னியாகுமரிப் பக்கத்துக்காரர். திருவொற்றியூருக்கு வந்து தலை நரைத்துவிட்டது, பேச்சு மட்டும் இன்னும் நரைக்கவில்லை. மணி அடித்ததும் கடைவாசலுக்கு வந்து, "மக்ளே, போன் வந்திருக்கு கேட்டியா!" என்று தெரு முழுக்கக் கேட்கக் கூவுவார்.

கார்குழலி பூண்டு உரித்த கையைப் புடவையில் துடைத்தபடி ஓடினாள். நடந்ததைச் சொன்னாள். நிலவன் கேட்டுக்கொண்டிருந்தான்.

"நீ வர்றப்ப அத்தையால எழுந்து நிக்கவே முடியுமோ முடியாதோ. டிரம்முக்குச் சக்கரம் வெக்கணும்யா. நீ ஆகஸ்ட்ல வந்ததும் மொத வேல அதான்."

போனில் இரைச்சலுக்கு நடுவே அவன் குரல் வந்தது.

"குழலி... ஆகஸ்ட்டு இல்ல."

"இன்னா இல்ல?"

"கம்பெனில இன்னொரு வர்சம் இருந்துட்டுப் போன்னு சொல்றான். பாஸ்போர்ட்டு அவன்கிட்ட கீது. நான் இன்னா செய்யச் சொல்ற?"

அவள் எதிரே இருந்த பிஸ்கட் ஜாடிகளைப் பார்த்தாள். ராசையா முகத்தைத் திருப்பிக்கொண்டு யாரும் கேட்காத துவரம்பருப்பை நிறுக்கத் தொடங்கினார்.

"அப்ப டிரம்மு?"

"டிரம்ம வுடு. நீ எப்டி கீற?"

"டிரம்மத்தான் கேக்கறேன்."

நிலவன் வழி சொன்னான். "பலகை அடிச்சி, நாலு பழைய பேரிங்கு மாட்டு. பசங்க வண்டி வுடுவானுங்கல்ல, அந்த மாதிரி. அத வெச்சி இப்போதிக்கி ஓட்டு. நான் வந்து சோக்கா செஞ்சித் தரேன்."

அவன் சொன்னபடியே செய்தாள். மெக்கானிக் கடையில் பேரிங் வாங்கி, பலகையில் மாட்டி, டிரம்மை மேலே ஏற்றினாள். சிமெண்டு தரையில் அது வழுக்கிக்கொண்டு ஓடியது. பின்பக்கத்து மண்ணில் இரண்டு அடி போனதும் முன்சக்கரம் இரண்டும் புதைந்தன. பலகை மூக்கைக் குத்தியது. டிரம் சாய்ந்து கதவு திறந்துகொள்ள, கங்கு சிதறிக் குப்பம்மாவின் முந்தானையில் விழுந்தது. கிழவி இடுப்பு வலியையும் மறந்து குதித்தாள்.

"கஸ்மாலம்! வெளிநாட்ல குந்திகினு அவன் வண்டி வுடச் சொல்றான், நீயும் வுடற! என்ன வெச்சிப் பொகை போட்டுடு, வேல முடிஞ்சிது!"

கார்குழலிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அவனுக்கு இங்கே தரை சிமெண்டாக இருக்கிறது என்று தோன்றியிருக்கிறது. இந்த வீட்டு மண்ணை அவன் மறந்துவிட்டான் என்று நினைத்தபோது சிரிப்பு நின்றுவிட்டது.

இரண்டு நாள் கழித்து, தண்ணீர் லாரி வந்திருந்தது. குடங்களோடு வரிசையில் நின்றவள், முன்னால் நின்ற தள்ளுவண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்துக் குடம் தண்ணீர். அதை இழுத்துக்கொண்டு போனவள் அவளைவிட ஒல்லி. பெரிய சக்கரம் இரண்டுதான். மறுமுனையில் சக்கரமே இல்லை, ஊன்றுவதற்குக் கால். கைப்பிடியைத் தூக்கினால் கால் எழும்பும், பாரம் முழுக்கச் சக்கரத்தின்மேல் போய்விடும். நிறுத்தினால் கால் ஊன்றிக்கொள்ளும். மண்ணில் அந்தச் சக்கரம் கோடு மட்டும்தான் போட்டது, புதையவில்லை. அவள் குடம் வரிசையில் பின்னால் போய்விட்டதை யாரோ சொன்ன பிறகுதான் கவனித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் துடைப்பக் கட்டையை எடுத்துக்கொண்டு சந்துக்குப் போனாள். இரண்டு சுவருக்கும் நடுவே குறுக்காக வைத்துப் பார்த்து, இடுக்கான இடத்தில் அடையாளம் போட்டு, அந்த அளவுக்குக் கட்டையை அறுத்தாள். வண்டி அதைவிட ஒரு விரல்கூட அகலமாக இருக்கக்கூடாது. ரொம்பக் குறுகலாக இருந்தால் சாயும். டிரம்மை உயரத்தில் வைத்தாலும் சாயும். ஆகவே இரண்டு சக்கரத்துக்கும் நடுவில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் டிரம் உட்கார வேண்டும். நெருப்பு இருக்கும் அடிப்பாகம்தான் கனம். அது தாழ இருந்தால் நல்லது.

அந்தக் கட்டையோடு எர்ணாவூரில் பீம்ராவின் காயலான் கடைக்குப் போனாள். பீம்ராவ் குப்பம்மாவுக்குத் தூரத்துச் சொந்தம். இரும்புக் குவியல்மேல் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான்.

"இன்னா குழலி, தொடப்பத்த எட்தாந்துகீற? யார அடிக்கப் போற?"

"சக்கரம் வேணும்ணே. பெர்சா. ரப்பரு ஆவாது, நெருப்பு பட்டா உருகிப்பூடும்."

"இன்னாத்துக்கு, தேரு செய்யப் போறியா?"

"டிரம்முக்கு."

பீம்ராவ் வாயைத் திறந்து, அவள் முகத்தைப் பார்த்து, கிண்டலை முழுங்கிக்கொண்டு எழுந்தான். மூடிய கம்பெனி ஒன்றிலிருந்து வந்த டிராலிகள் பின்னால் கிடந்தன. வார்ப்பிரும்புச் சக்கரங்கள். துரு பிடித்திருந்தாலும் சுற்றினால் சுற்றின. அவள் குனிந்து ஒவ்வொன்றையும் சுற்றிவிட்டு, நிற்கும்வரை பார்த்தாள். அச்சுக்கு ஒரு இரும்புத் தண்டையும் பொறுக்கினாள்.

"வெல்டிங்கு யாரு? உன் புருசன் இல்லியே. நம்ம பையன அனுப்பட்டா?"

"நானே பாத்துக்கறேன்ணே."

வெல்டிங் வேண்டாம் என்று அவள் முன்பே யோசித்திருந்தாள். ராசையா கடையைப் புதுப்பித்தபோது கழற்றிப் போட்ட பழைய ரேக் பின்னால் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. உடம்பெல்லாம் ஓட்டை போட்ட இரும்பு ஆங்கிள். போல்ட் போட்டு முடுக்கினால் போதும். கேட்டதும் ராசையா, "எடுத்துட்டுப் போ மக்ளே, அங்க கெடந்து துருத்தான பிடிக்கி. கிறிஸ்மஸுக்கு எங்க வீட்டுக்கும் அந்தப் புகைக்கறி கொஞ்சம் கொண்டா, அது போதும்" என்றார்.

கட்டிலுக்கடியில் இருந்த நிலவனின் மரப்பெட்டியை இரண்டு வருஷத்துக்குப் பிறகு திறந்தாள். ஸ்பானர்கள், சுத்தி, இரும்பு அறுக்கும் ஹாக்சா. எல்லாவற்றுக்கும் மேலே அவனுடைய தோல் கையுறை. விரல்கள் பாதி மடங்கி, எதையோ பிடித்திருப்பது போலவே இறுகிக் கிடந்தன. எடுத்து மாட்டிப் பார்த்தாள். அவள் விரல் நுனிக்கு அப்பால் ஒரு கணு நீளம் காலியாக இருந்தது. அந்தக் காலி இடத்தை மறுகையால் அழுத்தி அழுத்திப் பார்த்தபடி தரையில் உட்கார்ந்திருந்தாள். குப்பம்மா கட்டிலிலிருந்து அதைப் பார்த்தாள். வழக்கமாக ஏதாவது சொல்லுகிறவள், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

வெயில் தாழ்ந்த பிறகு தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வேலை செய்தாள். ஆங்கிளை அறுப்பதுதான் கஷ்டம். ஹாக்சா பிளேடு இரண்டு முறிந்தது. உள்ளங்கையில் கொப்புளம் வந்து, உடைந்து, உப்புக்கறி பிசையும்போது தீயாக எரிந்தது. சதுரமாகச் சட்டம் போட்டு, மூலைக்கு மூலை குறுக்காக இன்னொரு துண்டு முடுக்கியபிறகுதான் ஆட்டம் நின்றது. டிரம்மைச் சுற்றி அணைத்துப் பிடிக்க இரும்புப் பட்டை ஒன்று. சாம்பல் விழ அடியில் தகரம். கைப்பிடிக்கு, பல்லக்குத் தூக்கிய அதே இரண்டு பைப்புகள்.

ரஹீமுன்னிசா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டேயிருந்தாள். ஒரு நாள் தானாகவே வந்து சட்டத்தின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க போங்கக்கா. துரு பறக்குது, இழுப்பு வந்துடப் போவுது."

"வாயில துணி கட்டிக்கினுதானே கீறேன். நீ முடுக்கு. எங்க வூட்டுக்காரு இருந்தா..." என்று தொடங்கியவள், அந்த வாக்கியத்தை முடிக்காமல் சட்டத்தை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

வியாழக்கிழமை காலையில் வண்டியைச் சாய்த்து, டிரம்மை அதற்குள் உருட்டி, பட்டையை முடுக்கி, நிமிர்த்தி, கங்கு போட்டுக் கறியை மாட்டினாள். காற்று திரும்பும் நேரத்துக்கு முன்பே கைப்பிடியைத் தூக்கினாள். ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் சக்கரம் மண்ணைக் கடித்து உருண்டது. சந்தில் இரண்டு பக்கச் சுவரையும் உரசாமல், நெருப்போடும் கறியோடும் டிரம் முன்தெருவுக்கு வந்து நின்றது. குப்பம்மா சுவரைப் பிடித்தபடி பின்னாலேயே வந்தாள்.

"தோ பாரு. ஓடுது!" என்றாள், யாரோ தன்னை ஏமாற்றிவிட்டது போல.

வெள்ளிக்கிழமை ராசையா கூவுவதற்கு முன்பே கார்குழலி கடையில் நின்றாள். போன் வந்ததும் மூச்சுவிடாமல் சொன்னாள்.

"ரெடியாயிடுச்சிய்யா! நானே செஞ்சேன். போல்ட்டு போட்டு."

"போல்ட்டா?" நிலவனின் குரலில் வெல்டர் எட்டிப் பார்த்தான். "சூடு பட்டுப் பட்டு நட்டு லூசாயிடும். வெல்டு வெச்சாத்தான் நிக்கும்."

"நேத்து ஓட்டினேன். நின்னுது."

"நான்தான் வந்து செய்றேன்னு சொன்னேன்ல?"

"எப்ப?"

அவன் பேச்சை மாற்றினான். "டிரம்ம யாரு தூக்கி வெச்சது?"

"யாரும் தூக்கல. வண்டிய சாய்ச்சி உள்ள உருட்டினேன். நான் ஒண்டியா."

ஒண்டியா என்ற சொல்லை அவள் பெருமையோடுதான் சொன்னாள். அது ஜுபைலுக்குப் போய்ச் சேர்ந்தபோது வேறு மாதிரி ஆகியிருக்க வேண்டும்.

"சரிதான். எல்லாத்தியும் ஒண்டியா செஞ்சிக்கலாம். என் கை எதுக்கு இனிமே?"

"இன்னாய்யா பேசற?"

"இல்ல, கேக்கறேன். நான் வந்துதான் இன்னா ஆவப்போவுது?"

இரண்டு வருஷமும் ஆகஸ்ட் மாதமும் கையில் உடைந்த கொப்புளமும் எல்லாமாகச் சேர்ந்து அவள் வாயிலிருந்து கத்தலாக வந்தன. "உன் கை வேணும்தான்யா! கைய இஸ்துகினு வா. வந்து தூக்கு. அங்க குந்திகினு போன்ல தூக்குவியா?"

சர்க்கரை வாங்க வந்திருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். 

"வெச்சிடறேன்" என்றான் நிலவன்.

அடுத்த வெள்ளி போன் வரவில்லை. கார்குழலி கடை ஓரத்தில் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து, ராசையா ஷட்டரைப் பாதி இறக்கும்வரை காத்திருந்தாள்.

"லைன் கிடைச்சிருக்காது மக்ளே. அங்க ஒரு பூத்துக்கு நூறு பேரு நிப்பானுவ" என்றார் அவர்.

அதற்கடுத்த வெள்ளியும் வரவில்லை. அன்று ராசையா ஒரு டீ வரவழைத்துக் கொடுத்தார்.

வண்டி தினமும் ஓடியது. ரஹீமுன்னிசாவின் தையல் மிஷின் மதியத்திலும் நிற்காமல் ஓடியது. குப்பம்மா கடைக்குக் கூட்டம் திரும்பிவிட்டது. கார்குழலி கறியைத் துண்டு போட்டாள், மிளகும் உப்பும் பூண்டும் தடவினாள், கொக்கியில் மாட்டினாள், கைப்பிடியைத் தூக்கினாள். சந்துக்குள் போகும்போது மட்டும் ஒவ்வொரு நாளும் உடம்பு பழைய பழக்கத்தில் எதையோ எதிர்பார்த்தது. முன்னால் அவன் முதுகு இருக்கும். சட்டை வியர்வையில் ஒட்டி, நடுமுதுகில் ஒரு கோடு ஓடும். "பாத்து வா, கல்லு கீது" என்று திரும்பாமலே சொல்வான். இப்போது அங்கே சந்தின் வெளிச்சம் மட்டும் இருந்தது. கல் இருந்த இடத்தில் அவளே ஒதுங்கிக்கொண்டாள். வாயை அடக்கியிருக்கலாம் என்று ஒரு நாள் தோன்றும். அடக்கியிருந்தால் அந்தச் சொல் தனக்குள்ளேயே கிடந்து புழுங்கியிருக்கும் என்று மறுநாள் தோன்றும். அங்கே ஏதாவது விபத்தோ என்று நினைத்தால் மட்டும் கை வேலையை நிறுத்திவிடும்.

மூன்றாவது வெள்ளி அவள் கடைக்குப் போகவில்லை. குப்பம்மா வெங்காயம் வாங்கப் போயிருந்தாள். ரஹீமுன்னிசா தைத்த துணிகளைக் கொடுக்கப் போய்விட்டாள். கடல்காற்று எழுமுன்பே டிரம் முன்தெருவுக்கு வந்துவிட்டது. கறி நிறம் மாறத் தொடங்கும் நேரம். இரண்டு நாய்கள் எதிர் மதிலடியில் படுத்துக் கண்ணை மட்டும் திறந்து வைத்திருந்தன.

"மக்ளே! ஏ மக்ளே! அவந்தான்! லைன்ல நிக்கான், ஓடி வா!"

கார்குழலி தெருக்கோடியைப் பார்த்தாள். டிரம்மைப் பார்த்தாள். நாய்களைப் பார்த்தாள். பூத்தில் அவன் போட்ட போன் கார்டில் காசு ஓடிக்கொண்டிருக்கும். யோசிக்க நேரமில்லை. கைப்பிடியைத் தூக்கி டிரம்மையும் இழுத்துக்கொண்டே ஓடினாள்.

மண் முடிந்து சிமெண்டு ரோடு தொடங்கியதும் வார்ப்பிரும்புச் சக்கரங்கள் கடகடவென்று தெருவையே அதிரவைத்தன. புகைபோக்கியிலிருந்து புகை ரயில் வண்டி போலப் பின்னால் போனது. வாசல்களில் ஆட்கள் எழுந்து நின்றார்கள். நாய்கள் இரண்டும் மரியாதையான தூரத்தில் பின்தொடர்ந்தன. ராசையா போன் வயர் எட்டும் மட்டும் வெளியே வந்து ரிசீவரை நீட்டிக்கொண்டிருந்தார்.

"அலோ!"

"அது இன்னா சத்தம்?" என்றான் நிலவன்.

"ரெண்டு வாரம் எங்கய்யா போன? நல்லாத்தானே கீற? ஒடம்புக்கு ஒண்ணும் இல்லியே?"

"ஒண்ணும் இல்ல. சத்தம் இன்னா, அத சொல்லு."

"உன் டிரம்மு. வூட்ல யாரும் இல்ல. நாய் இஸ்துகினு பூடும். அதான் நானே இஸ்துகினு வந்துட்டேன்."

"நெருப்போடயா?"

"நெருப்போடதான். உள்ள கறி தொங்குது."

அவன் சிரித்தான். சிரிப்பு பாதியில் அறுந்தது.

"போன வாரம் பூத்து வரிக்கும் வந்தேன் குழலி. க்யூல நின்னேன். என் நம்பரு வந்ததும் இன்னா பேசறதுன்னு தெரில. திரும்பிப் பூட்டேன்."

"அவ்ளோ கோவமா?"

"கோவம் இல்ல." இரைச்சலுக்கு நடுவே குரல் சின்னதாகக் கேட்டது. "காலைலேர்ந்து சாயங்காலம் வரிக்கும் வெல்டு வெக்கறேன். எவன் வூட்டு பைப்போ. பாலைவனத்துல போய்கினே கீது, முடிவே தெரில. என் வூட்டு டிரம்முக்கு நாலு எடத்துல வெல்டு வெக்க முடில. அதான்... வேற ஒண்ணும் இல்ல."

கார்குழலி ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். சொல்ல நிறைய இருந்தது. கடையில் ஆட்கள் நின்றார்கள்.

"கை எப்டி கீது?" என்று மட்டும் கேட்டாள்.

"கீது. உன்னுது?"

"காச்சிப் போயிடுச்சி."

கார்குழலி ஒரு கையை விடுவித்து, காய்த்த உள்ளங்கையைப் பார்த்தாள். கார்டு ஓடிக்கொண்டிருந்தது.

"வலது சக்கரம் ஆடுது" என்றான் திடீரென்று.

"இன்னா?"

"நீ வர்றப்ப கேட்டேன். கட கடன்னு வந்துகினே கீது, நடுவுல டக்குன்னு ஒண்ணு வுழுது. வாஷரு ஒண்ணு சேத்துப் போடு."

அவள் திரும்பிக் குனிந்து பார்த்தாள். வலது சக்கரத்துக்கும் அச்சு முனைக் கொண்டைக்கும் நடுவே நூல் அளவு இடைவெளி இருந்தது. ஒவ்வொரு நாளும் ஓட்டியும் அவள் காதில் விழாதது கடல் தாண்டி அவன் காதில் விழுந்திருக்கிறது.

"ஆமாய்யா. கீது."

"வலதா எடதான்னு சந்தேகம் வந்துடுச்சி. இன்னொரு தபா ஓட்டேன். கேக்கறேன்."

"போன யாரு புடிக்கிறது?"

ராசையா கையை நீட்டினார். அவள் ரிசீவரைக் கொடுத்தாள். அவர் அதை ரோட்டுப் பக்கம் திருப்பி, வயர் இழுபட, கையை முடிந்த மட்டும் நீட்டி நின்றார்.

கார்குழலி கைப்பிடியைத் தூக்கினாள். லைட் கம்பம் வரை தள்ளிக்கொண்டு போனாள், திருப்பினாள், திரும்பி வந்தாள். கடகடவென்ற சத்தத்துக்கு நடுவே அந்த ஒரு தட்டு இப்போது அவளுக்கும் கேட்டது. கடை அருகே வந்ததும் ராசையாவின் முகத்தைப் பார்த்தாள். அவர் இன்னொரு தடவை என்று தலையசைத்தார். அவள் மறுபடியும் போனாள்.

அந்த நடையில்தான் எங்கேயோ கார்டு தீர்ந்தது. ராசையாவின் உள்ளங்கையில் ரிசீவர் கொய்ங் என்று இரைந்தது. அவருக்குக் கேட்டது. கம்பத்தருகே அவள் வண்டியைத் திருப்பி, நெற்றி வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டு, தூரத்திலிருந்து அவர் கையைப் பார்த்தாள். ராசையா கையை இறக்கவில்லை. அவள் கைப்பிடியைத் தூக்கிக்கொண்டு, முன்னைவிடச் சற்று மெதுவாக, ஒவ்வொரு உருளலும் தெளிவாகக் கேட்கும்படி, தள்ளிக்கொண்டு வந்தாள்.